குறைந்த செலவில் முதல் குவாட்காப்டரை (நான்கு மோட்டார் ட்ரோன்) நானே கட்டலாமா? எதில் பணம் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

தாராளமாகக் கட்டலாம். ஆனால் பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அடிபடுகிறவை ஒரு பக்கம்: ஃப்ரேம், மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, ப்ரொப்பல்லர். தரையிலேயே இருப்பவை இன்னொரு பக்கம்: கையில் பிடிக்கும் ரேடியோ, சார்ஜர், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். முதல் ட்ரோன் எப்படியும் விழும். அதனால் பறக்கிற பக்கம் சிக்கனமாக இருங்கள், தரையில் இருக்கிற பக்கம் கொஞ்சம் தாராளமாகச் செலவழியுங்கள். அடுத்த ட்ரோனுக்கும் அதற்கடுத்ததற்கும் அவைதான் கூட வரும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ரேடியோவை வாங்குங்கள். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ இணைப்பு முறை இருப்பதாகப் பாருங்கள். ஓப்பன் சோர்ஸ் என்பதால் பல நிறுவனங்கள் அதற்கு ரிசீவர் (ட்ரோனில் சிக்னலை வாங்கும் பாகம்) செய்கின்றன, விலையும் குறைவு. அப்புறம் அதே ரேடியோவை யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, மற்ற பாகங்கள் வந்து சேரும்வரை சிமுலேட்டரில் பழகுங்கள். ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பும்போது இடமும் வலமும் மாறிவிடும். அது கைக்குப் படியாமல் மைதானத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

என்ன அளவில் கட்டுவது? நிதானமாகப் பறக்க, ஜிபிஎஸ் வைத்துப் பார்க்க ஆசை என்றால் 450 மி.மீ. ஃப்ரேம், 10 இன்ச் ப்ரொப்பல்லர். வேகமாகப் பறக்க ஆசை என்றால் 5 இன்ச் ப்ரொப்பல்லர் மாட்டும் ஃப்ரேம். உதிரி எளிதில் கிடைப்பது இந்த இரண்டுக்கும்தான். பல நாடுகளில் 250 கிராமைத் தாண்டினால் விதிகள் கூடும், இவை இரண்டுமே தாண்டும். உங்கள் ஊர் விதியை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மோட்டாரை வாங்கும்போது பேட்டரியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கேவி என்பது சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. முழு சார்ஜில் 4எஸ் பேட்டரி, அதாவது நான்கு செல் தொடராக உள்ளது, 16.8 வோல்ட், 2400 கேவி மோட்டாரோடு பெருக்கினால் நிமிடத்துக்கு 40,320 சுற்று. ஆறு செல் உள்ள 6எஸ் என்றால் 25.2 வோல்ட், 1700 கேவியோடு 42,840. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று 2400 கேவி மோட்டாரை 6எஸ்ஸில் மாட்டினால் மோட்டாரோ இஎஸ்சியோ கருகும்.

ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலரும் இஎஸ்சியும் ஒரே போர்டில் வருவது மலிவாகத் தெரியும். அதில் ஒரு மூலை எரிந்தால் மொத்தப் போர்டையும் மாற்ற வேண்டும். முதல் ட்ரோனுக்கு இரண்டையும் தனித்தனியாகவே வாங்கச் சொல்வேன். ஃப்ரேமோ ரேடியோவோ பழையதாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். புதியதையும் 1சியில், அதாவது 1500 எம்ஏஎச் என்றால் 1.5 ஆம்பியரில், எல்லாச் செல்லும் ஒரே அளவுக்கு ஏறும்படி பேலன்ஸ் சார்ஜ் செய்யுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

புதியவர்கள் அதிகம் திணறுவது பேட்டரி கனெக்டரின் தடித்த வயரைப் பற்றவைப்பதில். அந்த வயர் சூட்டை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஊசி முனை வைத்த சின்ன அயர்னில் ஈயம் மேலே உருண்டையாக உட்காருமே தவிர உள்ளே இறங்காது. 60 வாட், அகல முனை, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தாராளமாக. வயரிலும் போர்டில் அது ஒட்டும் பேடிலும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு அப்புறம் சேர்த்துச் சூடாக்குங்கள். ஈயம் சட்டென்று பரவி ஓரத்தில் மெல்லியதாக இறங்கினால் சரி.

பேட்டரியை நேராகச் சொருகிவிடாதீர்கள். மல்டிமீட்டரை கன்ட்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, ட்ரோனில் இருக்கும் பேட்டரி கனெக்டரின் பிளஸ்ஸையும் மைனஸையும் தொடுங்கள். கெப்பாசிட்டரால் ஒரு கணம் பீப் வந்து நின்றால் பரவாயில்லை. தொடர்ந்து கத்தினால் ஷார்ட். அடுத்து, 3எஸ், 4எஸ் என்றால் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பிளஸ் வயரில் தொடராக வைத்து பேட்டரியை இணையுங்கள். மினுக்கி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், ஆனால் உங்கள் போர்டு இன்னும் பிழைத்திருக்கும். இவ்வளவு மலிவான காப்பீடு வேறில்லை.

மேசையில் செய்யும் சோதனை எல்லாம் ப்ரொப்பல்லர் இல்லாமல்தான், இதில் விதிவிலக்கே கிடையாது. மோட்டாரை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். குறுக்கே எதிரெதிராக இருக்கும் இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். திசை மாறியிருந்தால் அந்த மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் பற்றவைத்தால் போதும். மோட்டார் சுற்றும்போதே ரேடியோவை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் பறப்பு ஆங்கிள் மோடில் (குச்சியை விட்டால் ட்ரோன் தானே சமநிலைக்கு வரும் முறை), புல்தரையில். எழும்பிய உடனே கவிழ்ந்தால், ட்ரோன் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தை அமைக்கும் பிஐடி எண்களில் கை வைக்காதீர்கள். மோட்டார் வரிசை, சுழலும் திசை, ப்ரொப்பல்லர் மாட்டிய பக்கம், ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டின் அம்புக்குறி. பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் தப்பாக இருக்கும்.