தம்பி அனுப்பிய போனை யாருக்கு விற்பது?

கேள்வி: பெங்களூரில் இருக்கும் என் தம்பி பிறந்தநாளுக்குப் புது ஸ்மார்ட்போன் வாங்கி அனுப்பினான். போன மாதம்தான் நானே ஒன்று வாங்கியிருந்தேன். சீல்கூடப் பிரிக்கவில்லை; பில்லில் 32,000 ரூபாய். இணையத்தில் 29,000-க்கு விளம்பரம் போட்டதும் ஒருவர் கூப்பிட்டார். “மிலிட்டரியில் இருக்கேன், பரங்கிமலையில் டூட்டி, நேரில் வர முடியாது. க்யூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் ஏறிடும். பைக்கில் ஆள் வந்து போனை வாங்கிப்பார்” என்கிறார். பேரமே பேசவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் 25,000 தருகிறார்கள். எதைச் செய்யட்டும்?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: அந்த எண்ணை இப்போதே பிளாக் செய்துவிடுங்கள் சகோதரி. அவர் போன் வாங்க வந்தவரே இல்லை. ரிச்சி தெருவில் பல வருடமாக போன் சர்வீஸ் பார்க்கிறவன் நான். இதே மிலிட்டரி கதையைக் கேட்டுப் பணத்தை விட்டவர்கள் என் கடைக்கு வந்து கண்கலங்கி நின்றிருக்கிறார்கள். யுபிஐ-யில் நமக்குப் பணம் வருவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பரும் போட வேண்டாம். ஸ்கேன் செய்து பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ‘பணம் போட்டாச்சு’ என்று ஸ்கிரீன்ஷாட் வரும், வங்கியிலிருந்து வந்ததுபோலவே எஸ்எம்எஸ்ஸும் வரும். இரண்டையும் நம்பாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, இருப்புத் தொகை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் பெட்டி உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. ஒருவேளை ஏற்கெனவே ஸ்கேன் செய்து பணம் போயிருந்தால், இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், 1930-ஐ அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

அடுத்து, விளம்பரத்தில் போட்ட படங்களைப் பாருங்கள். பில்லோ, பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரோ தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். உங்கள் பில்லையும் ஸ்டிக்கரில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) காட்டியே வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். ஏமாந்தவர் புகார் கொடுத்தால், பில்லில் இருக்கும் உங்கள் தம்பி பெயர்தான் முதலில் அடிபடும்.

நேரில் வருபவருக்கு மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம். திருமங்கலம் மெட்ரோ மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சீல் பிரிக்காமல் கொடுப்பதுதான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிரிக்காமல் கொடுத்தால் மறுநாளே ‘டிஸ்ப்ளேயில் கோடு இருக்கு’ என்று திரும்பி வருவார், உங்களிடம் பதில் இருக்காது. விலை முடிவான பிறகு அவர் கண்முன் பிரித்து, ஆன் செய்து, *#06# அடியுங்கள். திரையில் வரும் எண்ணும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று அவரே பார்க்கட்டும். உங்கள் கூகுள் கணக்கை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும்போது யாராவது ரீசெட் செய்தால், உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு போன் பூட்டிக்கொள்ளும்.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: இஎம்ஐயில் வாங்கினானா? ஃபைனான்ஸ் கம்பெனி கடன் என்றால், தவணை தவறும்போது போனையே லாக் செய்யும் செயலி சிலவற்றில் இருக்கும். கடன் முடியாமல் விற்கவே வேண்டாம்.

வாரன்டிக்கு பில் தேவைப்படும் என்பதால் அசலைக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் தேதி, நேரம், ஐஎம்இஐ, விலை, வாங்குபவர் பெயர், முகவரி எழுதி அவரிடம் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். நாளை அந்த போன் ஏதாவது வழக்கில் சிக்கினால் உங்கள் தம்பிக்கு இந்தத் தாள்தான் துணை. கையெழுத்துப் போடத் தயங்குகிறவருக்கு விற்காதீர்கள்.

29,000 கிடைப்பது கஷ்டம். கொஞ்சம் போட்டால் கடையிலேயே பில்லோடு புதுசு கிடைக்கும்போது, முன்பின் தெரியாதவரிடம் ஏன் வாங்க வேண்டும் என்றுதான் யாரும் யோசிப்பார்கள். 27,000 என்று மாற்றி ஒரு வாரம் பாருங்கள். நேரில் யாரும் வரவில்லையென்றால் அந்த 25,000-க்கே கடையில் கொடுத்துவிடுங்கள். தீபாவளி ஆஃபர் வந்தால் அதுவும் குறையும். கடையிலும் ஐஎம்இஐ எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள்.