மங்கு, வெண்புள்ளி, படர்தாமரை: தோல் மருத்துவரின் பதில்கள்

கன்னத்தில் மங்கு. லேசர் வைத்தால் போய்விடுமா, டாக்டர்?

அவசரப்படாதீர்கள். நம் மாநிறத் தோலில் லேசரின் சூடே நிறமியைக் கிளறிவிடும். கொஞ்ச நாள் வெளுத்து, அப்புறம் முன்பைவிடக் கருத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மருந்து சன்ஸ்கிரீன்தான், அதிலும் இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வருவது. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெறும் வெள்ளை க்ரீம் அதை அவ்வளவாகத் தடுக்காது. மெக்சிகோவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் எல்லோருக்கும் நிறத்தை வெளுக்கும் ஒரே ஹைட்ரோகுவினோன் க்ரீம்தான், சன்ஸ்கிரீன் மட்டும் வேறு. 8 வாரத்தில் இரும்பு ஆக்சைடு பூசியவர்களுக்கே கூடுதலாக வெளுத்தது.

மகளுக்கு 14 வயது. வெண்புள்ளிக்கு லைட் சிகிச்சை எடுத்து ஒரு மாதமாகிறது, பலனே இல்லை.

ஒரு மாதம் போதாது. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை வாரம் 2 அல்லது 3 முறை, குறைந்தது 3 மாதமாவது கொடுத்துப் பார்த்துத்தான் பேச வேண்டும். வெள்ளைத் திட்டை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றியும் கடுகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளி தெரிந்தால் நிறம் திரும்புகிறது என்று அர்த்தம். நிறமிச் செல்கள் முடியின் வேரிலிருந்துதான் ஏறி வருகின்றன. அதனால்தான் முகம் சீக்கிரம் தேறும். முடியில்லாத விரல் நுனியும் உதடும் மக்கர் பண்ணும்.

வெண்புள்ளிக்குப் பூசும் ருக்சோலிட்டினிப் க்ரீமுக்கு அமெரிக்காவில் 2022இல் 12 வயதிலிருந்து அனுமதி கிடைத்தது. ஆய்வில் 24 வாரத்தில், முகத்துத் திட்டு முக்கால்வாசி தேறியது சுமார் பத்தில் மூன்று பேருக்கு. நல்ல மருந்துதான், மாயம் இல்லை. இன்னொன்று: வீட்டில் யாரும் இதை 'வெண்குஷ்டம்' என்று சொல்ல வேண்டாம். தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

படர்தாமரைக்குக் கடையில் வாங்கிய ட்யூப் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது.

ட்யூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா? அது ஸ்டீராய்டு. அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். இப்போது டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே அடங்காத பூஞ்சை நம் நாட்டில் பரவலாக இருக்கிறது, ஆகவே நேரில் காட்டுங்கள்.

சோரியாசிஸ் மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

சேரலாம். இந்தியாவின் மருந்து ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் அது கட்டாயம். ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெறும் பூச்சு மட்டும் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். பிடிக்காவிட்டால் நடுவில் விலகலாம். சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.