120 பேர் வகுப்பில் சத்தம் – கடிதம்

வணக்கம் சார்,

சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வணிகவியல் எடுக்கிறேன். இரண்டு பிரிவுகளையும் சேர்த்து 120 பேர். அட்டெண்டன்ஸ் எடுத்து முடிப்பதற்குள் சத்தம் தொடங்கிவிடுகிறது. "சைலன்ஸ்" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இருவரை வெளியே அனுப்பினேன், மறுநாள் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

– ஒரு விரிவுரையாளர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பெயருக்கு 4 விநாடி என்றாலும் 120 பேருக்கு 8 நிமிடம். "உள்ளேன் ஐயா" சொன்னபின் மாணவனுக்கு வேலையில்லை, பேசத்தான் செய்வான்.

பெயர் கூப்பிடுவதை விடுங்கள். முதல் வாரம் விரும்பிய இடத்தில் உட்காரட்டும், பிறகு செமஸ்டர் முழுக்க அதே இடம். நண்பர்களைப் பிரிக்காதீர்கள், பக்கத்தில் கிசுகிசுத்தவர்கள் நாலு பெஞ்ச் தாண்டிப் பேசுவார்கள். ஒரு ஏ4 தாளில் பெஞ்ச் வாரியாகக் கட்டம் போட்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். நுழைந்ததும் போர்டில் ஒரு கணக்கு. அவர்கள் போடும்போது நடந்தபடியே காலி இடங்களைக் குறித்தால் 3 நிமிடத்தில் முடியும். ஒருவனுக்கு இன்னொருவன் குரல் கொடுக்கவும் முடியாது.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருபவர்களுக்கும், வாழப்பாடி பஸ்ஸை நம்பி இருப்பவர்களுக்கும் கதவோர பெஞ்சுகளை ஒதுக்குங்கள். தாமதமானாலும் அனுமதி கேட்காமல் வந்து உட்காரட்டும். ஒவ்வொரு "மே ஐ கம் இன் சார்"-க்கும் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்.

கால் மணிக்கு ஒருமுறை பாடத்தை நிறுத்திக் கேள்வி கொடுங்கள். விசைத்தறி ஒன்றின் விலை 1,00,000 ரூபாய். 10 ஆண்டு கழித்துப் பழைய இரும்பாக 10,000 ரூபாய்க்குப் போகும். நேர்கோட்டு முறையில், அதாவது ஆண்டுதோறும் ஒரே அளவு மதிப்புக் குறைவதாக வைத்தால், ஆண்டுத் தேய்மானம் என்ன? பழைய இரும்பு விலையைக் கழிக்காமல் பாதிப் பேர் 10,000 என்று எழுதக்கூடும், விடை 9,000. முதலில் 2 நிமிடம் தனியாகப் போடட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் வளர்த்தெடுத்த வழி இதுதான். அந்த நேரத்துச் சத்தம் பாடத்தின் சத்தம், அதை அடக்காதீர்கள். நீங்கள் கை தூக்கினால் பேச்சை நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நடுவில் ஒரு பெஞ்சில் பேச்சு எழுந்தால் குரலை உயர்த்தாதீர்கள். அங்கே நடந்துபோய், நின்றபடி பாடத்தைத் தொடருங்கள். மைக் இருந்தால் சத்தத்தைக் குறையுங்கள். மைக் அலறினால் அதன் மறைவில் பேசுவது சுலபம்.

வெளியே அனுப்புவது வேண்டாம். 120 பேர் முன்னால் அவன் ஹீரோ ஆகிவிடுவான், அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்விலும் சிக்கல். அந்த இருவரையும் நாளை வகுப்பு முடிந்ததும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். சேர்த்துக் கூப்பிட்டால் ஒருவன் முன் இன்னொருவன் இறங்கிவர மாட்டான். திட்டாமல், எந்த இடத்தில் பாடம் புரியாமல் போனது என்று மட்டும் கேளுங்கள்.