பள்ளி விடுமுறையில் மகளோடு சேர்ந்து செய்யக்கூடிய எளிய கைவினை நகைகள், வீட்டு அலங்காரப் பொருட்கள் என்ன? எதிலிருந்து தொடங்கலாம்?

மகளுக்கு ஒன்பது வயது, பெரிதாகச் செலவு செய்ய முடியாது, இதுவரை எதுவும் செய்து பழக்கமில்லை என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். என் பதில்: பட்டு நூல் வளையலில் தொடங்குங்கள். ஒரே நிறத்தில் ஒரு கண்டு நூல், வீட்டில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் வளையல் நான்கு, ஒரு பசை. இவ்வளவு போதும். பெட்டியில் அடைத்து விற்கும் 'கிட்' இப்போதைக்கு வேண்டாம். அதில் இருபது வகைப் பொருள் இருக்கும், ஆனால் எந்த ஒன்றிலும் கை படியும் அளவுக்கு இருக்காது. கை படிவதற்குத்தான் இந்த விடுமுறை.

நான் மதுரைக்காரி. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த நாட்களில் அங்கேதான் நூலும் மணியும் வாங்குவேன். பிறகு அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வளையல் சுற்றச் சொல்லிக் கொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. நான் நூலை இறுக்கி இறுக்கி இழுப்பதைப் பார்த்துவிட்டு, "இழுக்காத கண்ணு, படுக்க வை. பூக்கட்டும்போது நாரை இப்படியா இழுப்ப?" என்றார். மல்லிகை தொடுக்கத் தெரிந்த கைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

முதலில் இழைகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு நாற்காலிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நூல் முனையை ஒரு காலில் கட்டிவிட்டு, கண்டை மகள் கையில் கொடுத்து நாற்காலிகளைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே இருபது சுற்று. குழந்தைக்கு இதைவிடப் பிடித்த வேலை இதில் கிடையாது. ஓரிடத்தில் வெட்டினால் இரண்டு மீட்டர் நீளத்தில் இருபது இழைகள் கிடைக்கும். மெல்லிய வளையல் ஒன்றுக்கு அது தாராளம். ஒரு முனையில் மட்டும் பசை தொட்டு, விரலால் தட்டையாக அழுத்தி, நாடா மாதிரி ஆக்கிக் காயவிடுங்கள்.

வளையல் வழுவழுப்பாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பசை பிடிக்கும். நாடாவின் முனையை வளையலின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இழைகள் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். முறுக்கிய இடத்தில் வெளிச்சம் உடைந்து ஒரு மங்கல் கோடு தெரியும். பட்டு நூல் வளையலின் பளபளப்பு முழுக்க இழைகள் பக்கத்தில் பக்கத்தில் இணையாகப் படுத்திருப்பதால் வருவது. அதனால் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, தொங்கும் நூலைச் சீப்பால் ஒருமுறை வாரிவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதின் மேல் பாதியளவு ஏறி உட்கார வேண்டும். வளையலின் உள்வட்டம் சிறியது, வெளிவட்டம் பெரியது. ஆகவே உள்ளே நெருக்கமாகவும் வெளியே சற்று விசிறி மாதிரி விரிந்தும் வரும். வெளிப்பக்கத்தில் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். முடிக்கும்போதும் முனை உள்பக்கம்தான் போக வேண்டும்.

முதல் வளையலுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது இருபது நிமிடம். நடுவில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை, முப்பது நாற்பது வளையல் சுற்றினேன், அவ்வளவுதான். கல் பதித்த செயின், சின்ன உருண்டைகளாலான பால் செயின், குந்தன் கல் எல்லாம் அதற்குப் பிறகு ஒட்டினால் போதும். சுற்று சரியாக இல்லாத வளையலில் கல்லை ஒட்டினால் கல்லும் சேர்ந்து கோணலாகத் தெரியும்.

அளவைப் பற்றி ஒரு விஷயம். கடையில் 2.4, 2.6, 2.8 என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தசமம் என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம், உள்விட்டம் ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நூல் சுற்றியதும் உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும். கைக்குச் சரியாகப் பொருந்தும் வளையலில் சுற்றினால் பிறகு சோப்பு போட்டுத்தான் கழற்ற வேண்டியிருக்கும், சோப்புத் தண்ணீர் பட்டால் நூல் போச்சு. ஓர் அளவு பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பசைக்குத் துணி ஒட்டும் பசை போதும். நொடியில் ஒட்டும் பசையைக் குழந்தை இருக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். விரலோடு விரல் ஒட்டிக்கொள்வது ஒருபக்கம் இருக்கட்டும், அது பருத்தித் துணியிலோ பஞ்சிலோ நிறையக் கொட்டினால் சூடேறிப் புகையும், தோல் சுட்டுவிடும். கல் பதித்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துப் போவதும் பெரும்பாலும் அந்தப் பசையால்தான்.

கடையில் 'பட்டு நூல்' என்று தருவது பெரும்பாலும் பட்டுப்புழு நூல் கிடையாது. ரேயான் போன்ற செயற்கை இழைதான். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. காகிதம் எரியும் மணம் வந்தால் ரேயான். வளையலுக்கு ரேயானே நல்லது என்பது என் கருத்து, விலையும் குறைவு, மினுமினுப்பும் கூடுதல்.

வளையலில் கை படிந்ததும் அதே நூலில் வீட்டுக்குத் தோரணம் செய்யலாம். இதற்கு வேண்டியது குஞ்சம். என் பாட்டி சடைக்குக் கறுப்பு நூலில் குஞ்சம் கட்டுவார், அதே முறைதான். அஞ்சலட்டை அளவு அட்டையில் நாற்பது சுற்று சுற்றுங்கள். மேல்பக்கம் ஒரு நூலை நுழைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். அடிப்பக்கம் வெட்டிவிட்டு, கழுத்தில் பத்துச் சுற்று சுற்றி முனையை உள்ளே செருகுங்கள். நூல் சுருண்டு பிசிறடித்தால், கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் ஒரு நிமிடம் காட்டி வாரிவிட்டால் நேராகிவிடும். அந்த வேலை உங்களுடையது, மகளை அடுப்பருகே விட வேண்டாம். ஜோடி உடைந்துபோய் ஒற்றையாக நிற்கும் கண்ணாடி வளையல்கள் எல்லா வீட்டிலும் இருக்கும். நைலான் நரம்பில் ஒரு வளையல், அதன் கீழ் ஒரு மணி, அதன் கீழ் குஞ்சம் என்று கோத்து, இப்படி ஏழு சரத்தை ஒரு மூங்கில் குச்சியில் கட்டினால் வாசலுக்குப் போதும். காற்றடித்தால் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேர் வெயில் படும் வாசலில் மாட்டாதீர்கள், நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும்.

காதணி செய்ய ஆசைப்பட்டால் ஒரு மூக்குக் குறடு வாங்க வேண்டும். சின்ன இணைப்பு வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் விலக்கி இழுக்கக் கூடாது. ஒரு முனையை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் தள்ளித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். இழுத்துத் திறந்த வளையம் திரும்ப வட்டமாகாது, அந்த இடைவெளி வழியாக ஒருநாள் ஜிமிக்கி கழன்று விழும். மகளுக்குக் காது அரித்தால் கொக்கியில் நிக்கல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளிக் கொக்கிக்கு மாறிவிடுங்கள், மற்றதில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சுடுமண் நகை. எனக்கு மிகவும் பிடித்தது, நான் நிறைய இழந்ததும் இதில்தான். முதன்முதலில் களிமண்ணில் ஆறு ஜோடித் தோடு செய்து, வீட்டிலிருந்த ஓவனில் வைத்து எடுத்து, வண்ணம் பூசி, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். வரும் வழியில் மழை. வீட்டுக்கு வந்து பார்த்தால் தோடு சேறாகிக் கழுத்தில் வழிந்திருந்தது. அன்று அழுதேன். காரணம் பிறகுதான் புரிந்தது. களிமண்ணுக்குள் வேதியியலாகப் பிணைந்த தண்ணீர் ஒன்று உண்டு. அது வெளியேற ஏறக்குறைய 500 முதல் 600 டிகிரி சூடு வேண்டும். வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் மண் காயுமே தவிர வேகாது, தண்ணீர் பட்டால் திரும்பவும் மண்தான்.

அதன்பிறகு திருப்பரங்குன்றம் பக்கத்திலுள்ள விளாச்சேரிக்குப் போனேன். கொலு பொம்மை செய்யும் ஊர். அங்கே ஓர் ஐயாவிடம் மண்ணும் வாங்கிக்கொண்டு, "இதையும் உங்க சூளையில ஓரமா வச்சுத் தருவீங்களா?" என்று கேட்டேன். "மொதல்ல நல்லா காய வைம்மா. ஈரத்தோட வந்தா வெடிக்கும், பக்கத்துல இருக்கிற என் பொம்மையும் போகும்" என்றார். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளந்துவிடும். அதனால் நிழலில் நான்கைந்து நாள், தினமும் புரட்டிப் போட்டுக் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து வளைந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

கொக்கி மாட்டும் துளையை மண் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது ஈர்க்குச்சியால் போடுங்கள். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும், துளையும் சேர்ந்து சுருங்கும், ஆகவே தேவைக்குக் கொஞ்சம் பெரிதாகவே குத்துங்கள். சாம்பல் நிறத்தில் கொடுத்த என் தோடுகள் சூளையிலிருந்து செக்கச்செவேல் என்று வந்தன. மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருகிறது. காற்றை அடைத்துப் புகையிலேயே வேகவிட்டால் அதே மண் கறுப்பாகும். சிவகங்கைப் பக்கம் இருப்பவர்களுக்கு மானாமதுரை இருக்கிறது. கச்சேரியில் வாசிக்கும் கடத்துக்குப் பெயர்போன ஊர், அதன் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் இருந்தால் உங்கள் ஊர்க் குயவரிடம் கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் வரட்டி அடுக்கி நீங்களே சுட முயல வேண்டாம், குழந்தை இருக்கும் வீட்டில் அது சரிவராது.

மண் பிசைவதும் உருட்டுவதும் மகளுக்கு. தோட்டின் மேல் கோலம் போட அரிசி மணி, வேப்பிலை, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்கட்டும். வேப்பிலையின் நரம்பு மண்ணில் அப்படியே பதியும். வெந்து வந்ததும் ஒரு தோட்டை எடுத்து நகத்தால் சுண்டுங்கள். 'டங்' என்று கேட்டால் வெந்துவிட்டது. 'டொக்' என்றால் இன்னொரு சூடு வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தால், அப்புறம் வண்ணம் பூசலாம்.