குடவோலையா, வாக்குச்சீட்டா?

கேள்வி: மக்களாட்சி ஏதென்ஸில் பிறந்தது என்கிறார்கள், உத்திரமேரூர்க் குடவோலை முறையைத்தான் அதன் முன்னோடி என்று சொல்வோரும் உண்டு. எது சரி?

பதில்: காலத்தால் முந்தியது ஏதென்ஸே. கிளைஸ்தனீஸ் அங்கே அரசியல் சீர்திருத்தம் செய்தது பொ.ஆ.மு. 508 வாக்கில், உத்திரமேரூரின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகளோ பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால், முந்தியது எது என்ற போட்டியைவிட எனக்குச் சுவையாகப்படுவது, இரண்டு இடங்களிலும் ஆட்களைத் தெரிவு செய்தது வாக்கு அன்று, குலுக்கல் என்பதுதான். ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் அவையின் உறுப்பினர்களைச் சீட்டெடுத்தே அமர்த்தினார்கள். போர்த்தளபதிகள் போன்ற சில பதவிகளுக்கு மட்டுமே தேர்தல் நடந்தது. பதவியைக் குலுக்கலால் நிரப்புவது மக்களாட்சியின் இயல்பு, தேர்தலால் நிரப்புவது சிலராட்சியின் இயல்பு என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். உத்திரமேரூரில் குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பிரிவுகளிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வாரியம் எனப்பட்ட நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அங்கே இடமில்லை. (இந்த ஒரு விதியை மட்டும் இன்று நடைமுறைப்படுத்தினால் எத்தனை நாற்காலிகள் காலியாகுமோ!)

இவற்றை முழுமையான மக்களாட்சி என்று கொண்டாடவும் முடியாது. ஏதென்ஸில் பெண்களும் அடிமைகளும் அயலாரும் விலக்கப்பட்டிருந்தனர். உத்திரமேரூர் பேரரசுக்கு உட்பட்ட ஒரு பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊர். அதன் வாரியங்களில் அமர நிலம், சொந்த மனை, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டியிருந்தன.

கேள்வி: அப்படியானால் தேர்தல் எப்படி மக்களாட்சியின் அடையாளமாயிற்று?

பதில்: அதன் வேர் மன்னர்களின் பணத்தேவையில் இருக்கிறது. போர்ச்செலவுக்கு வரி திரட்ட இசைவு வேண்டியதால்தான் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு, 1295இல் நாட்டுப்புறங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பேராளர்களை அழைத்தார். பிறர் சார்பில் பேசுபவர் என்ற கருத்து அத்தகைய அவைகளில்தான் வலுப்பெற்றது. 1787இல் அமெரிக்க அரசமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான மேடிசன், தாம் விரும்பிய பேராளர் ஆட்சியைக் 'குடியரசு' என்று அழைத்து, மக்களாட்சியிலிருந்து வேறுபடுத்தியே காட்டினார். வாக்குரிமை விரிந்த பிறகுதான் இரண்டு சொற்களும் நெருங்கி வந்தன. அதுவும் மிக மெதுவாக. நியூசிலாந்துப் பெண்கள் 1893இல் பெற்ற அந்த உரிமையை, நெடுங்காலக் குடியரசான சுவிட்சர்லாந்தின் பெண்கள் கூட்டாட்சி அளவில் 1971இல்தான் பெற்றார்கள்.

குலுக்கலும் முற்றாக மறைந்துவிடவில்லை. அயர்லாந்தில் 2016இல் தற்செயல் தெரிவு முறையில் அமைக்கப்பட்ட 99 குடிமக்களின் பேரவை கருக்கலைப்புச் சட்டத்தை விவாதித்து அளித்த பரிந்துரையே, 2018ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்புக்கு வழிவகுத்தது.