திறந்த கூரைக் கார், குலுங்கும் சாலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்மையில், 2010-இல் தயாரான மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றை இன்னொருவரிடமிருந்து வாங்கினேன். முந்தைய உரிமையாளர் 18 அங்குல ரிம்களையும், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளையும் பொருத்தியிருக்கிறார். ஜாலான் ஈப்போவின் குழிகளில் இறங்கினால் முதுகு வலிக்கிறது. கராக் நெடுஞ்சாலை வளைவுகளில் ஒரு சிறு மேடு வந்தாலும் பின்பக்கம் துள்ளி விலகுகிறது. நேரான சாலையிலும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. விலை உயர்ந்த காயில்-ஓவர் தொகுதி (ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் அப்சார்பரும் ஒன்றாக அமைந்தது) ஒன்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா, ஐயா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் வெவ்வேறாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அவற்றின் வேர் ஒன்றுதான்: தொழிற்சாலை கணக்கிட்டு அமைத்த நிலையிலிருந்து உங்கள் கார் விலகிப் போயிருக்கிறது. அந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவராமல் மேலும் ஒரு புதிய பாகத்தைச் சேர்த்தால், எது கோளாறு, எது தீர்வு என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் டயரைப் பாருங்கள். இந்தக் காருக்குரிய 205/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 92 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. 18 அங்குல ரிம்மில் பலர் போடும் 215/35 டயரில் அது 75 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. குழியின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவர்தான். காற்றழுத்தத்திலும் கவனம் தேவை. ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியுள்ள தாளில் 200 கிலோபாஸ்கல், அதாவது 29 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். ஆனால் பெட்ரோல் நிலையத்தில் பெரிய கார்களுக்கு வைப்பதுபோல 230, 240 என்று ஏற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சுமார் 1,100 கிலோ எடையுள்ள இந்தச் சிறிய கார் அந்த அழுத்தத்தில் பந்துபோலத் துள்ளும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள். வெயிலில் நின்றோ ஓடியோ டயர் 10 டிகிரி சூடேறினாலே அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் கூடிவிடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 3517 என்றிருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நம் வெப்பத்தில் ஆண்டுகள் கடந்த ரப்பர், அதன் பூக்கள் (தரையில் படும் பள்ள வடிவங்கள்) தேயாமல் இருந்தாலும் இறுகிப்போயிருக்கும்.

அடுத்தது ஸ்பிரிங். வளைவில் பின்பக்கம் துள்ளுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். காரைத் தாழ்த்தும்போது சக்கரம் மேலே எழும்புவதற்கான இடம் குறைந்துவிடுகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மீது ஏற்கெனவே பாரம் சாய்ந்திருப்பதால், எஞ்சியிருக்கும் சிறிய இடத்தையும் ஒரு மேடு தின்றுவிட, அப்சார்பர் தண்டிலுள்ள பம்ப் ஸ்டாப்பர் என்ற தடுப்பில் அது மோதுகிறது. அந்தக் கணத்தில் சஸ்பென்ஷன் கல்லாகிவிடுவதால் டயர் சாலையைப் பிடிக்க முடியாமல் நழுவுகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். அப்சார்பரின் தூசு உறையை மேலே தள்ளி, தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை மாட்டிவிட்டு, வழக்கமாகச் செல்லும் சாலையில் நிதானமாக ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது டை ஸ்டாப்பர் வரை தள்ளப்பட்டிருந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. இந்தக் காரின் ஸ்பிரிங்குகளைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றேதான் ஓரளவு மென்மையாக வைத்தார்கள். வளைவில் உடல் சற்றுச் சாய்வதை ஒரு குறையாக எண்ணி ஸ்பிரிங்கை மாற்றுபவர்கள், அதன் இயல்பான நயத்தையே இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலை வகை ஸ்பிரிங்குகளும் 17 அங்குல ரிம்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஹாஃப்-கட் கடைகளில் (பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகம் விற்பவை) தேடினால் கிடைக்கக்கூடும். ஆனால் அப்சார்பர்களையும் ரப்பர் புஷ்களையும் அங்கே வாங்காதீர்கள். அவையும் உங்கள் காரில் உள்ளவற்றைப் போலவே வயதானவை.

புஷ்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல பட்டறைகள்கூட இங்கே தவறுகின்றன. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் நுனியிலுள்ள ரப்பர் புஷ், கை மேலும் கீழும் அசையும்போது முறுக்கிக் கொடுத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. காரை ஹோய்ஸ்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் எல்லாப் புஷ்களும் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். கார் உயரமாக நிற்கும், சவாரி கடினமாகும், ரப்பரும் விரைவில் கிழியும். ஸ்பிரிங் மாற்றிய ஒவ்வொரு காரிலும் இந்தத் தவறு நடந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்களின் மீது காரின் முழு எடையும் இறங்கியிருக்கும் நிலையில் மீண்டும் இறுக்கும்படி கேளுங்கள். புதிய பாகம் எதுவும் தேவைப்படாத இந்த ஒரு வேலையே சவாரியைப் பெரிதும் மாற்றிவிடக்கூடும்.

இவை முடிந்த பிறகே அலைன்மெண்ட், அதாவது சக்கரக் கோணங்களைத் திருத்தும் வேலை, செய்ய வேண்டும். முன்பக்க டோவை (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்துவிட்டு முடிந்தது என்று சொல்லும் கடையை ஏற்காதீர்கள். இந்தக் காரில் பின்சக்கரங்களின் டோ, கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு) இரண்டையும் திருத்த முடியும். பின்சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால் கார் நேரான சாலையில் அலைபாயும், மழையில் ஆபத்தாகவும் முடியும். அவற்றைச் சற்றே உள்நோக்கி அமைப்பதுதான் பாதுகாப்பு. திருத்தப் பயன்படும் கேம் போல்ட்டுகள் பழைய கார்களில் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்பதால், அவற்றை விடுவிக்கும் வேலையையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மனம் நிறையவில்லை என்றால், காயில்-ஓவரைப் பற்றி அப்போது எழுதுங்கள்.

கேள்வி: பினாங்குப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது, துணிக்கூரையுள்ள என் காரின் முன்கண்ணாடிச் சட்டமும் பின்னோக்குக் கண்ணாடியும் நடுங்குகின்றன. போனெட்டுக்குள் ஸ்ட்ரட் பார் (இரு பக்கச் சஸ்பென்ஷன்களின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி) பொருத்தினால் நிற்குமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: நிலையான கூரை இல்லாத காரின் உடல், மூடி இல்லாத பெட்டியைப் போல ஓரளவு முறுக்கிக்கொள்ளவே செய்யும், சிறு நடுக்கம் அதன் இயல்பு. 1985-இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் இணைப்புகள் அடுத்தடுத்து வருவதால் அது கூடுதலாகத் தெரிகிறது. கூரையை மூடியும் திறந்தும் ஒரே இடத்தில் கவனித்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது ஓசையோடு நடுங்கினால், கூரைத் தாழ்ப்பாள்களையும் கதவு ரப்பர்களையும் சரிபார்க்க வேண்டும். இரு நிலையிலும் ஒரே அளவு நடுங்கினால் டயரின் அழுத்தத்தையும் தேய்ந்த அப்சார்பர்களையும் பாருங்கள். நடுக்கம் உடலின் நடுப்பகுதி முறுக்குவதால் வருவது என்பதால், போனெட்டுக்குள் போடும் கம்பியால் பயன் குறைவு. காரின் அடியில் பொருத்தும் பிரேஸ்களே (உடலை இறுக்கும் கம்பிகள்) ஓரளவு உதவும்.

கேள்வி: தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவ் செல்லும் மலைச்சாலையில், மழை நாளில் என் பின்சக்கர இயக்கக் காரின் வால் வழுக்குகிறது. முன்பக்கம் மட்டும் புது டயர் போட்டேன்.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: உடனே புதிய டயர்களைப் பின்பக்கத்திற்கு மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர்களாக இருந்தால் மட்டுமே இது செய்யக்கூடியது. அளவு வேறாயின் பின்பக்கத்திற்கும், முன்னே உள்ள அதே வகையில், புதிய ஜோடி வாங்கிவிடுங்கள். அதுவரை மழையில் அந்தச் சாலையைத் தவிருங்கள்.