காம்பினேஷன் ஸ்கொயர் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

(காம்பினேஷன் ஸ்கொயர் என்பது, உலோகத் தலை ஒன்றுக்குள் ஸ்கேல் நகர்ந்து திருகால் பூட்டிக்கொள்ளும் அளவுக் கருவி. தலையின் ஒரு முகம் ஸ்கேலுக்கு 90 டிகிரியிலும் இன்னொரு முகம் 45 டிகிரியிலும் இருக்கும்.)

கடையிலேயே மூலை சரியா என்று பார்க்க வழி உண்டா அண்ணே? (சரவணன்)

உண்டு. நேரான விளிம்புள்ள எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். விளிம்பில் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கு எதுவும் தெரியக் கூடாது. விளிம்பு வளைந்திருந்தால் சோதனையே பொய்யாகிவிடும். தலையை விளிம்போடு அழுத்தி, கத்தி முனையால் ஒரு கோடு கீறுங்கள். தலை எதிர்ப்பக்கம் பார்க்கும்படி ஸ்கொயரைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. விலகினால், அந்த விலகலில் பாதிதான் ஸ்கொயரின் பிழை. 200 மி.மீ. தள்ளி 0.2 மி.மீ. இடைவெளி தெரிந்தால் பிழை 0.1 மி.மீ.; மரவேலைக்கு அது தாங்கும். இடைவெளி அதைப்போல இரண்டு மடங்கு என்றால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். பென்சில் வேண்டாம், கோட்டின் தடிமனே பிழையை மறைத்துவிடும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். திருகைத் தளர்த்தி, ஸ்கேலை நகர்த்திப் பூட்டி, மூன்று இடங்களில் இதையே செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தால் அந்தக் கருவியை எதற்கும் நம்ப முடியாது.

பூட்டிய பிறகும் என்னுடையதில் ஸ்கேல் லேசாக ஆடுகிறதே? (பிரபு)

தலையின் பள்ளத்துக்குள் இரு முனையிலும் சிறு மேடுகள் இருக்கும். ஸ்கேலின் விளிம்பு அவற்றின் மேல்தான் உட்கார வேண்டும். திருகின் கொக்கி, ஸ்கேல் நடுவே நீளமாக ஓடும் காடியில் (குறுகிய பள்ளத்தில்) மாட்டி, ஸ்கேலை அந்த மேடுகளோடு சேர்த்து இழுக்கிறது. மேட்டில் பெயின்ட், பிசிறு, மரத்தூள் எது ஒட்டியிருந்தாலும் ஸ்கேல் ஒரு பக்கம் தூக்கும். முதலில் ஸ்கேலைக் கழற்றி, பள்ளத்தைப் பழைய டூத் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். பாதிக் கேஸ் இதிலேயே தீரும். கொக்கி தேய்ந்து காடியில் தளர்வாக இருந்தால் திருகைத்தான் மாற்ற வேண்டும். நல்ல ஸ்கொயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்தப் பள்ளத்துக்கும் பூட்டுக்கும்தான்.

சுத்தம் செய்தும் 90 வரவில்லை. அரத்தால் ராவலாமா? (பிரபு)

ராவலாம், பொறுமை இருந்தால். மேடுகளில் மார்க்கர் மை தடவி ஸ்கேலை முன்னும் பின்னும் இழுத்தால், எந்த இடம் உரசுகிறது என்று மை சொல்லும். தலையின் முகத்துக்கும் வெளியே நீளும் ஸ்கேலுக்கும் இடையிலான உட்கோணம் 90-ஐத் தாண்டினால் முகத்தை ஒட்டிய மேட்டை, குறைந்தால் தள்ளியிருக்கும் மேட்டை ராவ வேண்டும். மெல்லிய அரம், இரண்டு இழுப்பு, மறுபடி கோடு போட்டுச் சோதனை. அதிகம் போனால் திரும்பி வராது.

ராவும் முன் 45 பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். இரண்டு முகமும் ஒரே தலையில் இருப்பதால், மேட்டை ராவினால் இரண்டு கோணமும் சேர்ந்தே மாறும். 90 சரியாக இருந்து 45 மட்டும் தப்பாக இருந்தால் தலையைக் கடைந்ததிலேயே கோளாறு. அரம் எதையும் காப்பாற்றாது, திருப்பிக் கொடுங்கள்.

ஸ்கேல் நீளம் 150 மி.மீ.யா, 300 மி.மீ.யா? (மீனா)

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 300. ஆனால் மர இணைப்பு வேலை அதிகம் செய்பவர் கையில் எடுப்பது 150-தான். தொளை ஆழம் பார்க்க, விளிம்பிலிருந்து 12 மி.மீ.க்குக் கோடு இழுக்க அது எவ்வளவோ வசதி. ஸ்கேலில் கோடுகள் செதுக்கியவையாக இருக்கட்டும், அச்சடித்தவை தேய்ந்து போகும். பளபளப்பில்லாத சாட்டின் குரோம் என்றால் கண் கூசாது.

ஸ்டாரெட்தான் வாங்க வேண்டுமா? (ஹமீது)

1879-இல் இந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியவரே லாராய் ஸ்டாரெட். அமெரிக்காவில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு இன்றும் அளவுகோலாகவே மதிக்கப்படுகிறது. மரவேலைக்கு அவர்களின் வார்ப்பிரும்புத் தலையே தாராளம்; கடினப்படுத்திய ஃபோர்ஜ்டு (காய்ச்சி அடித்து உருவாக்கிய) எஃகுத் தலை லேத் பட்டறைக்குத்தான் அதிகம் உதவும். ஜப்பானிய நிறுவனமான மிட்டுடோயோவின் சரக்கும் நல்லது. விலை குறைந்த ஒன்று மேலே சொன்ன மூன்று பூட்டுச் சோதனையில் தேறினால், தயங்காமல் அதையே வாங்குங்கள். தலையில் இருக்கும் ரசமட்டத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், அவ்வளவு குட்டிக் குமிழியை நம்பி அலமாரி நிறுத்த முடியாது.

கடற்கரை ஊர். துரு பிடிக்கிறதே? (மீனா)

வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. காடிக்குள்ளும் தடவுங்கள், துரு அங்கேயும் பிடிக்கும்.